உப்பு டப்பாவும் காவல்பெட்டியும்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் உருப்படியான பொருள் பூட்டு ஒன்றுதான். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவை. இது பூட்டுக்காரரின் முடிவு. காலைத் தேநீரைக் குடித்தபடி, மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பை வாசிக்கும் குரலில் இதைச் சொல்வார்.

"நெருப்பைக் கண்டுபிடிச்சவன் அதை எங்க வச்சான்? குகைக்குள்ள. குகை வாசல்ல என்ன வச்சான்? பாறை. அதான் முதல் பூட்டு. அது மட்டும் இல்லேன்னா பக்கத்துக் குகைக்காரன் நெருப்பைத் தூக்கிட்டுப் போயிருப்பான். நாம இன்னிக்கும் பச்சையாத்தான் தின்னுட்டிருப்போம்."

"எழுத்தை விட்டுட்டியேடா" என்றார் அவருடைய அக்கா, ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே.

"எழுத்தா? அது ஞாபகசக்தி இல்லாதவன் கண்டுபிடிச்சது."

சொன்னபடி வாழ்கிற மனிதர்தான். அவர் கடைச் சுவரில் முந்நூறு சாவிகள் தொங்கின. ஒன்றிலும் சீட்டு கிடையாது. யாருடைய சாவி, எந்தக் கதவு, எந்த வருஷம் என்பதெல்லாம் பல்லைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். சாவிக்குச் சீட்டுக் கட்டுகிறவனைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பெற்ற பிள்ளையின் கழுத்தில் பெயர் எழுதித் தொங்கவிடுகிற தகப்பனை அவனைவிட மதிப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி வீட்டில் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டுகிறவள். வந்த தபால் உறைகளின் மடிப்பை வெட்டி வைத்துக்கொள்வாள். அதன் பின்பக்கம் பசை இருக்கும். நாக்கால் ஈரமாக்கி ஒட்டினால் ஜென்மத்துக்கும் வராது. உப்பு டப்பாவில் 'உப்பு'. சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை'. குளியலறை விளக்கின் சுவிட்சில் 'குளியலறை'. நீல மையில், சின்னச் சின்ன எழுத்தில்.

"உப்புக்கு உப்புன்னு எழுதணுமா? நக்கிப் பாத்தா தெரியாதா?" என்பார் பூட்டுக்காரர்.

"போன மாசம் டீயில உப்புப் போட்டுக் குடிச்சவன் யாருடா?" என்பார் அக்கா.

"அது அவ சீட்டை மாத்தி ஒட்டினதால."

"சீட்டைப் படிச்சியா நீ?"

"நான் எதுக்குப் படிக்கணும்?"

தெருவில் அவளை டைப்பக்கா என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சை வீட்டிலிருந்தே காதில் வாங்கி எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் டாக்டர் நிற்பார். பின்னால் சாய்த்து மிதித்தால் விட்ட இடத்திலிருந்து திரும்பப் பேசுவார். பதினொரு வருஷமாக அந்த மிதியில் வலது கால். மூன்று வருஷமாக இருதயப் பிரிவு முழுவதும் அவளிடம்தான். மூக்கால் பேசுகிற டாக்டர், வேகமாகப் பேசுகிற டாக்டர், வாக்கியத்தை முடிக்காமல் தூங்கிப்போகிற டாக்டர் எல்லோரும் அவளுக்குத்தான் புரிவார்கள்.

அந்த மிதியை அவள் தொட்டு இரண்டு வாரமாகியிருந்தது.

காரணம் வாசல் சுவரில் இருந்த கேமரா. பூட்டுக்காரர் சல்லிசாக வாங்கி மாட்டியது. கடையில் வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டையே அவர் மாற்றவில்லை. வெளியூரிலிருந்து எவனோ அதற்குள் புகுந்து, அவர்கள் வீட்டு இணைப்பு வழியாக ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்களை உலகெங்கும் அனுப்பிவிட்டான். அவளுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி அன்றே அவளை நிறுத்திவைத்தது. நோயாளிகளின் காகிதம் எதுவும் வெளியே போகவில்லை என்று தெரிந்த பிறகும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவரின் நெஞ்சுவலி தன் வீட்டு வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தால்?

"கேமரா மேல தப்பில்ல" என்றார் பூட்டுக்காரர். "எதிர்வீட்டுப் போட்டோக்காரன் வேலை அது. நம்ம வைஃபையில தொங்கிட்டிருந்திருக்கான். அந்த ஆளு கண்ணைப் பாரு, எப்பவும் ஒரு கண்ணை மூடியே இருக்கான்."

"படம் எடுக்கிறவரு மூடத்தான் செய்வாரு" என்றாள் டைப்பக்கா.

"எடுக்காதப்பவும் மூடுறானே?"

நினைத்ததோடு நிற்கவில்லை. போட்டோக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி, "வைஃபை வேணும்னா கேட்டு வாங்கணும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

கம்பெனி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. வீட்டு இணைப்புக்கு ஃபயர்வால் போட வேண்டும். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பார்கள். வீடு தாங்கினால் திங்கட்கிழமை முதல் வேலை. தாங்காவிட்டால் இருதயப் பிரிவு வேறு ஆளுக்கு.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்றாள் டைப்பக்கா.

பூட்டுக்காரர் சிரித்தார். பல் டாக்டரிடம் பல்பொடி விற்க வந்தவனைப் பார்த்து டாக்டர் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"பூட்டுக்காரன் வீட்டுக்குக் கடையில போய்ப் பூட்டு வாங்கினா ஊர் சிரிக்கும். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு போதும். வீடியோவுல பார்த்துட்டேன். வெளிய இருந்து வர்ற வயர் ஒரு ஓட்டையில. வீட்டுக்குப் போற வயர் இன்னொரு ஓட்டையில. நடுவுல நம்ம பெட்டி. எவன் வரான், எவன் போறான்னு அது பாத்துக்கும். இதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேரு? காவல்பெட்டி."

வியாழக்கிழமை காயலான் கடையிலிருந்து காவல்பெட்டி வந்தது. ஏதோ அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்துக் கழித்துவிட்ட கம்ப்யூட்டர். வெயிலில் தள்ளுவண்டியில் கிடந்து, தொட்டால் சுடுகிறது. திறந்தால் உள்ளே போர்வை போலத் தூசி. நடுவில் ஒரு கரப்பான்பூச்சி, வேலையிலேயே உயிரை விட்டதுபோல் மல்லாந்திருந்தது.

"இதுவா நம்மளக் காப்பாத்தப் போகுது? இது தன்னையே காப்பாத்திக்கலையேடா" என்றார் அக்கா.

ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் பூட்டுக்காரரின் கை வேறு. அதை டைப்பக்கா என்றும் மறுத்ததில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். சைக்கிள் பம்பால் மூலைமுடுக்கெல்லாம் ஊதினார். கழற்றிய திருகுகளைத் தேநீர் சாஸரில் போட்டார். உள்ளே ஒரு வயர் ஓட்டைதான் இருந்தது. இரண்டாவதுக்கு வேறொரு செத்த கம்ப்யூட்டரிலிருந்து அட்டை ஒன்றைப் பிடுங்கி வந்திருந்தார். அதன் தகடு வளைந்து, இடத்தில் உட்கார மறுத்தது. சாவி ராவும் அரத்தை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு இழுப்பு இழுத்தார். உட்கார்ந்துகொண்டது. கத்திய விசிறிக்குப் பூட்டு எண்ணெய் ஒரு சொட்டு. சுவிட்சைப் போட்டதும் பெட்டி மூன்று தடவை கூவியது.

"மூணு தடவை கூவினா மெமரி சரியா உக்காரலைன்னு அர்த்தம்" என்றார். மெமரி பட்டையை உருவி, அதன் மஞ்சள் பல்லைப் பென்சில் ரப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினார். ஒரே ஒரு கூவல். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

டைப்பக்கா ஒரு உறை மடிப்பை வெட்டிக்கொண்டு வந்தாள். "ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரி இருக்குதுங்க. உள்ள, வெளியன்னு எழுதி ஒட்டிடட்டுமா?"

"நான் செத்துட்டேனா?"

"என்னங்க பேச்சு இது?"

"நான் இருக்கேன்ல. ஞாபகம் இருக்கும். கொண்டு போ."

வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரரே ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் இரவல் கொண்டு வந்தார். "சாயங்காலத்துக்குள்ள திருப்பிடணும் அண்ணே, ரெண்டும் வித்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். கீபோர்டைப் பார்த்தால் டைப்பக்காவால் சும்மா இருக்க முடியாது. பூட்டுக்காரர் பென்டிரைவைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லா எழுத்துகளையும் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சீட்டு எழுதிக் கீபோர்டின் நெற்றியில் ஒட்டிவிட்டு, அடுப்பில் வெங்காயம் கருகுகிற வாசம் வர, உள்ளே ஓடினாள். எழுதி வைத்தாயிற்று. இனி மறந்துவிடலாம். எழுதுவதே அதற்குத்தானே என்பது அவள் கட்சி.

பூட்டுக்காரர் திரும்பி வந்து அந்தச் சீட்டைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல முடியும். படித்தார் என்று சொல்ல முடியாது. பசை காயாத சீட்டை ஒரே இழுப்பில் உரித்தார்.

"அக்கா, இங்க பாரு. இரவல் கீபோர்டுக்குக்கூட ஜாதகம் எழுதி வச்சிருக்கா."

பெட்டி ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. சீட்டை நாலாக மடித்து அதன் காலடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

அடுப்படியிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பென்டிரைவிலிருந்து சாஃப்ட்வேர் ஒவ்வொன்றாக ஏறியது. வழக்கமான வலைத்தளங்களுக்கு மட்டும் வழி, மற்ற எல்லாமே அடைப்பு. மூன்று தடவை பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு நாள் முழுக்கப் பெட்டியின் கதவு திறக்காது. அந்தத் தண்டனையைத் தேர்ந்தெடுத்தபோது பூட்டுக்காரர் கையைத் தட்டிக்கொண்டார். "பத்து நிமிஷம் போதுமான்னு கேக்குது. எதுக்குப் பத்து நிமிஷம்? திருடன் டீ குடிச்சிட்டு வரவா?"

"பாஸ்வேர்ட் என்னன்னு ஒரு தாள்ல எழுதி வையுங்க."

"சாவி ஒண்ணு, ஆள் ஒண்ணு. எழுதி வச்ச பாஸ்வேர்ட், மிதியடிக்குக் கீழ வச்ச சாவி. உலகத்துல முக்கால்வாசித் திருட்டு மிதியடியாலதான்."

"கேமராவைக் கழட்டிட்டீங்கல்ல?"

"கழட்டிட்டேன், கழட்டிட்டேன்."

மாலை மானிட்டரும் கீபோர்டும் திரும்பிப் போயின. பெட்டி கூடத்து மூலையில் தனியாக உறுமிக்கொண்டிருந்தது. மோடத்திலிருந்து ஒரு வயர் உள்ளே. அங்கிருந்து வைஃபை டப்பாவுக்கும், அதன் வழியாக அவளுடைய லேப்டாப்புக்கும் வயர் வெளியே. எல்லாம் ஓடியது. அக்காவின் தொடர்நாடகம்கூட.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மேகம் கவிந்து புழுங்கியது. மழையும் வரவில்லை, காற்றும் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்குக் கம்பெனி மேடம் போன் செய்தார்.

"சோதனை பண்றவங்க நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் வழியா உன் மிஷினோட பேசுவாங்கம்மா. அதுக்கு ஒரு கதவு நம்பர் அனுப்பியிருக்கேன். உன் ஃபயர்வால்ல அதை மட்டும் திறந்து வை. திறக்கலேன்னா இணைப்பு இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. இந்தத் தடவை என் கையில ஒண்ணும் இல்ல."

"ரெண்டு நிமிஷ வேலை" என்றார் பூட்டுக்காரர். லேப்டாப்பில் பெட்டியின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தார். டைப்பக்காவைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை அடித்தார்.

தவறு என்றது.

"விரல் வழுக்கிடுச்சு." மறுபடி அடித்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

தவறு என்றது.

"இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "அவசரப்படாதீங்க. மூணாவது தடவைன்னா..."

"எனக்குத் தெரியாதா என் பாஸ்வேர்ட்?"

மூன்றாவது தடவை ஓசை பலமாகக் கேட்டது. பிறகு எந்த ஓசையும் கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். திரையில், நாளைக் காலை பத்து மூன்றுக்கு வரவும் என்கிற பொருளில், நாலு வரி மரியாதையாக நின்றது. அவர் தேர்ந்தெடுத்த தண்டனை, ஒரு நிமிஷம்கூடக் குறையாமல்.

மணி பத்து மூன்று.

இருபத்தைந்து வருஷமாக, சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவர் கடை வாசலில் வந்து நின்றவர்களை அவர் என்னென்ன பேசியிருக்கிறார் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். இப்போது அந்த வரிசையில் அவரே நின்றார்.

"பெட்டியைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, வயரை நேரா சொருகிடு. தீர்ந்துது" என்றார் அக்கா.

"நேரா சொருகினா திறந்த வீடு அண்ணி. அதைத்தான் பாக்க வராங்க."

"அப்போ என்னதான்டா பண்றது?"

"பெட்டிக்கிட்ட நேராப் பேசணும்" என்றார் பூட்டுக்காரர். "மானிட்டரும் கீபோர்டும் மாட்டி. அந்த வழிக்குத் தண்டனை கிடையாது. எத்தனை தடவை வேணாலும் அடிக்கலாம்."

காயலான் கடைக்குப் போன் போட்டார்கள். "நேத்தே போயிடுச்சே அண்ணே. இப்போ கைவசம் எதுவும் இல்ல."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு. அங்கே படங்களைத் திருத்துவதற்கு ஒரு பழைய மானிட்டர் இருப்பது தெருவுக்கே தெரியும்.

"அக்கா, நீ போய்க் கேளேன்."

"நானா திருடன்னு சொன்னேன்?"

அவர் டைப்பக்காவைப் பார்த்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் மிதி இல்லை. எடுத்து உறைபோட்டு வைத்துப் பதினாறு நாளாயிற்று. இருந்தாலும் அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. நிறுத்து. பின்னால் போ. நிறுத்து. பின்னால் போ.

பூட்டுக்காரர் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் அவர் நின்றார். கையை ஓங்கினார், இறக்கினார். ஊரில் எந்தக் கதவும் இவ்வளவு நேரம் அவரை நிற்க வைத்ததில்லை. கதவு தானாகத் திறந்தது. போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. போட்டோக்காரர் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பூட்டுக்காரர் கீபோர்டைக் கைக்குழந்தையைப் போல ஏந்திப் பின்னால் வந்தார்.

"வாங்கண்ணே" என்றாள் டைப்பக்கா.

"வர்றேம்மா. வைஃபை திருடன் வீட்டு மானிட்டர் இந்தப் பெட்டிக்கு ஒத்துக்குமான்னுதான் யோசனையா இருக்கு."

பூட்டுக்காரர் வயரை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

பத்து இருபத்தைந்து. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தார். தவறு. அடித்தார். தவறு. கண்ணை மூடிக்கொண்டு, சாவியின் பல்லைத் தடவுகிற மாதிரி விசையைத் தடவித் தடவி அடித்தார். தவறு. வேர்வை தாடையில் இறங்கிக் கீபோர்டில் சொட்டியது. போட்டோக்காரர் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்தார், ஆளைத் துடைக்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தினா?" என்றார் போட்டோக்காரர்.

"ஒரு மணி நேரம் ஆகும்."

பத்து முப்பத்தெட்டு.

"என்னதான் பாஸ்வேர்ட்?" என்றாள் டைப்பக்கா.

"அது வந்து..."

"பதினொரு வருஷம்ங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. அதுதான் அவரைக் குத்தியது. "சொல்லுங்க. நான் அடிக்கிறேன்."

பூட்டுக்காரர் போட்டோக்காரரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார்.

"நான் மட்டும்தான்" என்றார்.

"நீங்க மட்டும்தான்னு தெரியும். என்னன்னு சொல்லுங்க."

"அதான். 'நான் மட்டும்தான்.' அதான் பாஸ்வேர்ட். இங்கிலீஷ் எழுத்துல."

போட்டோக்காரர் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

டைப்பக்கா சிரிக்கவில்லை. உட்கார்ந்து அடித்தாள். அவள் விரல் தவறாது. தவறு என்றது. இன்னொரு விதமாக எழுத்துக் கூட்டி அடித்தாள். தவறு.

"நேத்து ரெண்டு தடவை அடிக்கச் சொல்லிச்சு" என்றார் அவர், தனக்குத்தானே பேசுவதுபோல். "ரெண்டும் ஒண்ணா இருக்குன்னு ஒத்துக்கிச்சு. எழுத்து தெரியல, வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது. ஆனா ஒத்துக்கிச்சே."

பத்து நாற்பத்து நாலு. அவள் கை விசைகளின் மேலே நின்றது. இனி என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. தலையைக் குனிந்தாள். காலைப் பார்த்தாள். தரையை மிதிக்கும் தன் கால். அதற்கு இரண்டு முழம் தள்ளிக் காவல்பெட்டியின் கால். அதன் அடியில் மடித்துச் செருகிய காகிதத்தின் ஓரம். ஓரத்தில் நீல மை.

அவள் முட்டிபோட்டு அதை உருவினாள். பெட்டி ஒரு ஆட்டம் ஆடி நின்றது. நாலு மடிப்பையும் பிரித்தாள். தன் கையெழுத்தைத் தானே படித்தாள்.

'இதில் T எழுத்து விழாது.'

"இது எந்தக் கீபோர்டுல இருந்துச்சுங்க?"

பூட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார். இந்தத் தடவை படித்தார். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. ஒரு வரிதான்.

"அந்த இரவல் கீபோர்டுல நீங்க அடிச்சீங்க. டி மட்டும் விழல. ரெண்டாவது தடவையும் அடிச்சீங்க. அப்பவும் விழல. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

சொல்லிக்கொண்டே திரும்பி உட்கார்ந்தாள். 'நான் மட்டும்தான்', டி வருகிற இடமெல்லாம் விட்டுவிட்டு. வாய்விட்டுப் படித்தால் பூனை கொட்டாவி விடுகிற மாதிரி இருக்கும். அடித்தாள்.

பெட்டி திறந்தது.

யாரும் கை தட்டவில்லை. நேரம் இல்லை. கதவு நம்பரை மேடத்தின் கடிதத்திலிருந்து போட்டோக்காரர் படிக்க, பூட்டுக்காரர் வரிசையைச் சொல்ல, அவள் அடித்தாள். சேமித்தபோது மணி பத்து ஐம்பத்தாறு. பெட்டியைத் தட்டுகிறவர்களின் பட்டியலைத் திரையில் ஓடவிட்டுவிட்டு நாலு பேரும் நின்றார்கள்.

பதினொன்றுக்கு ஆரம்பித்தது. முதலில் ஒரு வரி. பிறகு பத்து. பிறகு ஆலங்கட்டி மழை. ஒவ்வொரு வரியும் ஒரு தட்டு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'மறுப்பு'. ஆயிரம் கதவையும் வெளியிலிருந்து எவனோ ஒருவன் கைவலிக்கத் தட்ட, கரப்பான்பூச்சி செத்துக் கிடந்த அந்தப் பெட்டி, இல்லை, இல்லை, இல்லை என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. டைப்பக்கா மூச்சுவிட மறந்திருந்தாள்.

"இது என்னம்மா, ஒண்ணு மட்டும் வித்தியாசமா வருது?" என்றார் போட்டோக்காரர். "மத்ததெல்லாம் வெளியேருந்து உள்ள வரப் பாக்குது. இது உள்ளேருந்து வெளிய போகப் பாக்குது. அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா."

ஆமாம். மறுப்புதான். ஆனால் வீட்டுக்குள்ளிருந்தே ஒன்று, எங்கோ ஒரு தூர தேசத்து முகவரிக்கு ஓட, விடாமல் முண்டிக்கொண்டிருந்தது.

டைப்பக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார். அவள் எழுந்து போய் ஜன்னலோரக் காலண்டரைத் தூக்கினாள். அதன் பின்னால் அதே கேமரா. கண், ஜன்னல் கம்பியின் ஊடாக, எதிர்வீட்டு வாசலுக்கு நேராக.

"கழட்டிட்டேன்னீங்களே."

"வாசல்லேருந்து கழட்டினேன்" என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது என்பார்கள். போட்டோக்காரர் அந்தக் கேமராவைக் கையில் வாங்கி, தொழில்முறையில் புரட்டிப் பார்த்தார்.

"என் வாசலையே பதினாறு நாளாப் பாத்திருக்கீங்க. நல்லா விழுந்தேனா?"

பூட்டுக்காரர் வயரைப் பிடுங்கினார். திரையில் அந்த ஒரு வரி மட்டும் வருவது நின்றது.

பதினொன்று இருபதுக்கு மேடம் போன் செய்தார். டைப்பக்கா காதில் வைத்துக் கேட்டாள். சரிங்க மேடம் என்றாள். இன்னொரு தடவை சரிங்க மேடம் என்றாள். போனை வைத்துவிட்டு, பரணிலிருந்து உறைபோட்ட மிதியை எடுத்து, தூசி தட்டி, மேசைக்கு அடியில் வைத்தாள். வலது காலை அதன்மேல் வைத்த பிறகுதான் அழுதாள். அதுவும் கொஞ்சம்தான். திங்கட்கிழமை வரை காத்திருக்கிற டாக்டர்கள் நிறையப் பேர்.

அக்கா எல்லோருக்கும் தேநீர் போட்டார். சர்க்கரை டப்பாவின் சீட்டைச் சத்தமாகப் படித்துவிட்டுப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை பிடித்தது. டைப்பக்கா அடுப்படியில் முட்டை வேகப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கூடத்தில் பூட்டுக்காரர் காவல்பெட்டியின் பின்னால் குனிந்திருந்தார். பெட்டியின் இரண்டு ஓட்டைகளுக்கும் மேலே புதிதாக இரண்டு சின்னக் காகிதங்கள். 'உள்ளே.' 'வெளியே.' எழுத்து கோணல்மாணலாக, ராவாத சாவி மாதிரி இருந்தது. நீல மை. அவளுடைய பேனாவாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் நிமிர்ந்தார். எதிர்வீட்டு மானிட்டர் திருப்பிக் கொடுப்பதற்காக நாற்காலியில் துடைத்து வைத்திருந்தது. உறை மடிப்பில் ஒரு துண்டை வெட்டினார். வெகுநேரம் யோசித்து எழுதினார். எட்டியிருந்தே அவளால் படிக்க முடிந்தது. 'எதிர்வீட்டு அண்ணனுடையது.'

அக்காவின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தியிருந்தது. அடுப்படிப் பக்கம் திரும்புவதற்குள் அவள் தலையை இழுத்துக்கொண்டு, குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவ ஆரம்பித்தாள்.

தண்ணீர்ச் சத்தத்தை நம்பி, பூட்டுக்காரர் நாக்கை நீட்டி, சீட்டின் பின்பக்கத்தை ஓரம் விடாமல் நக்கினார்.